எட்டாயிரம் கிலோமீட்டரும் ஒரு மடியும்

லண்டனிலிருந்து திண்டிவனத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? போன வெள்ளிக்கிழமை வரை அது எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்!

அன்றைக்கு என் மகள் யாழினிக்குக் காது குத்து. எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அப்பன் மடியெல்லாம் கணக்கிலேயே கிடையாது. அந்த மாமன், அதாவது என் மச்சான் பிரபு, வேலை பார்ப்பது லண்டனில். பிள்ளையை அதுவரை போனில்தான் பார்த்திருக்கிறான்.

இணையத்தில் தேடினேன். சென்னைக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே... பத்தரை மணி நேரம். வியாழன் மதியம் ஒன்றரைக்கு அவனுக்கு விமானம். விரல்விட்டு எண்ணினேன். "ராத்திரி பன்னண்டுக்கு இறங்கிடுவான். விடியறதுக்குள்ள வீட்டுல இருப்பான்" என்று அறிவித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை ஐந்தரைக்குப் போன். "இப்பதான் மாமா இறங்குனேன்!"

லண்டன் கடிகாரம் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நான் சொன்ன பன்னிரண்டு, அவர்கள் ஊர் பன்னிரண்டு! என் மனைவி செல்வி பார்த்த பார்வை இருக்கிறதே... அதை எழுத முடியாது.

குறித்த நேரம் ஒன்பதிலிருந்து பத்தரை. அதற்குப் பிறகு ராகு காலம். அது முடிந்தால் உச்சி. உச்சிக்கு மேல் எங்கள் வீட்டில் காது குத்துவதில்லை. சனிக்கிழமையும் ஆகாது. ஞாயிறு அவனுக்குத் திரும்பும் விமானம்.

ஒன்பதே முக்கால். பந்தல் நிறையச் சொந்தக்காரர்கள். கம்மல் குத்தும் பத்தர் ஊசியோடு தயார். மடிதான் இல்லை.

"எங்கடா கீற?" போனில் செல்வி.

"மேல்மருவத்தூர் தாண்டி வந்துக்கினு கீறேன்க்கா. ஒரே டிராபிக், வண்டி நவுரவே மாட்டேங்குது!"

செல்வி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "அவன் வர்ற வரைக்கும் குந்திக்கினு இருக்க முடியாது. நாம போலாம். வண்டிய எடுங்க, ஜல்தி!"

நான் பத்தர் முகத்தைப் பார்த்தேன். "நமக்கு இன்னாங்க, ஊசி எங்க வேணா குத்தும்" என்றபடி அவர் வேனில் முதல் ஆளாக ஏறிவிட்டார்.

ஒலக்கூர் பக்கம், பிரபுவைப் போனில் வரச் சொன்ன ஹைவே ஓரத்து டீக்கடை. பத்து இருபதுக்குக் காரிலிருந்து குதித்து ஓடிவந்தான் பிரபு. லண்டன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மடியை விரித்தான். யாழினி அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். 'அட, போன்ல வர்ற ஆளு!' என்று நினைத்தாளோ என்னவோ... அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பத்து இருபத்தெட்டுக்கு இரண்டு காதும் முடிந்தது. யாழினி அழுதாள். அவளைவிட அதிகமாக மாமன் அழுதான். டீக்கடைக்காரர் ஓடிவந்து பிள்ளை வாயில் சர்க்கரை போட்டார். இத்தனை சந்தோஷத்தை நான் எந்த மண்டபத்திலும் பார்த்ததில்லை.

விமானம் எட்டாயிரம் கிலோமீட்டர் வந்தது. கடைசிப் பதினைந்து கிலோமீட்டர் மட்டும்... நாங்கள் போனோம்!