சியாலேவுக்காக நான் எழுதாத இருபத்திரண்டு பக்கங்கள்

அந்தப் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பங்காய் நகரத்து உயர்நிலைப்பள்ளியின் நூலகத்தில் அது ஒரே பிரதி. நூலகம் என்றால் இரண்டு அலமாரி, ஒரு மேசை, அனாசேய்னி என்ற அலுவலக அம்மா. மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்று அவர் அனுமதி தந்தார். எனக்கு அது போதும். நான் பங்காய் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலையில் இருந்தேன். இரண்டரைக்கு வேலை முடியும். கை கழுவி, சட்டை மாற்றி, மூன்று மணிக்கு மேசைக்கு வந்துவிடுவேன்.

என் தங்கை சியாலே நர்சிங் பள்ளிக்கு விண்ணப்பித்திருந்தாள். அதன் நுழைவுத் தேர்வுக்கு இந்தச் சுகாதாரப் புத்தகம்தான் பாடம். அது எண்பத்தொன்பதாம் வருடம். அம்மா அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது இறந்துபோனார். அப்பா ஆக்லாந்தில் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். எங்கள் உயிஹா தீவில் சியாலேவும் அப்பாவின் அக்கா சேலா அத்தையும் மட்டும் வீட்டில் இருந்தார்கள். நான் வாரம் முழுக்கப் பங்காயில் ஒரு வாடகை அறையில் இருந்துவிட்டு, சனிக்கிழமைப் படகில் தீவுக்குப் போவேன், திங்கட்கிழமை திரும்புவேன்.

விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியவை: பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, போதகர் கடிதம், போலீஸ் கடிதம், மார்பு எக்ஸ்ரே. ஐந்தையும் நான்தான் வாங்கினேன். போதகர் கடிதத்தில் அவள் பிறந்த மாதத்தைத் தவறாகப் போட்டிருந்தார். திரும்பப் போய் மாற்றி வாங்கினேன். நாடு முழுவதற்கும் சேர்த்து இருபத்தைந்து இடம். வயது இருபதைத் தாண்டக் கூடாது. அவளுக்கு அப்போது பத்தொன்பது. வியாழக்கிழமைகளில் எங்கள் தீவின் மருந்தகத்தில் குழந்தைகளை எடை போட்டுக் கொடுப்பாள். வீறிட்டு அழும் குழந்தை அவள் கைக்குப் போனதும் அடங்கிவிடும் என்று தாய்மார் சொல்வார்கள். நான் பார்த்ததில்லை. வியாழக்கிழமை நான் துறைமுகத்தில் இருப்பேன்.

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனால் கையெழுத்து நன்றாக இருக்கும். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்கு, எண்களால் எழுதும் எங்கள் ஊர்ச் சுரங்களைப் பெரிய தாள்களில் நகல் எடுத்துக் கொடுப்பவன் நான்தான். ஒரு எண் மாறினால் நாற்பது பேர் தப்பாகப் பாடுவார்கள். அதனால் தப்பில்லாமல் எழுதிப் பழகியிருந்தேன். அந்த ஆங்கிலப் புத்தகத்தையும் அப்படித்தான் எழுதினேன். பாதிக்கு மேல் அர்த்தம் தெரியாது. எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினேன். தலைப்புக்குச் சிவப்புப் பென்சில். படங்களை ரொட்டிக்கடை மெல்லிய தாளை மேலே வைத்து வரைந்தேன். புத்தகத்தில் உள்ள பக்க எண்ணையே என் தாளிலும் மூலையில் போட்டேன்.

சனிக்கிழமை தாள்களை அத்தையிடம் கொடுப்பேன். அத்தை சியாலேவிடம் கொடுப்பார். எங்களில் அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் தனியாக இருப்பதில்லை. நான் பன்னிரண்டு வயதிலேயே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குடிசைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டவன். என்னைவிட ஆறு வயது சின்னவள் என்றாலும் சகோதரிதான் மேல். நான் அவளிடம் மரியாதையாகத்தான் பேசுவேன், அதுவும் குறைவாக. உடம்பைப் பற்றிய பேச்சு எங்கள் இருவர் காதிலும் ஒன்றாக விழக் கூடாது.

எலும்புகள் பரவாயில்லை என்று அத்தை தீர்ப்புச் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் சியாலே வீட்டுக்குள் உட்கார்ந்து எலும்புகளின் பெயரை ஒப்பிப்பாள். நான் வெளியே ஈரப்பலா மரத்தடியில் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இன்னொரு நகலில் சரிபார்ப்பேன். தப்பு வந்தால் சுவரை ஒரு குச்சியால் தட்டுவேன். பிறகு திருத்திச் சொல்வாள். அத்தை நடுவில் பாய் பின்னிக்கொண்டு இருப்பார். "இந்த உடம்புக்குள்ள இத்தனை எலும்பா? அதான் எனக்கு இத்தனை எடத்துல வலிக்குது" என்பார். சுவருக்கு அந்தப் பக்கம் சியாலே சிரிப்பது கேட்கும். அந்த வருடம் அவள் குரலை அவ்வளவு அதிகம் கேட்டேன். முகத்தைப் பார்த்தது குறைவு.

துறைமுகத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். "என்னடா கெலெபி, இன்னிக்கு எந்த எலும்பு?" என்று தினமும் கேட்பார்கள். நான் சொல்வேன். அவரவர் விலாவைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். ஒருநாள் மதியம், வேறு தீவிலிருந்து புதிதாக வந்தவன் ஒருவன், அந்த மாதிரிப் புத்தகத்தில் குழந்தை பிறப்பதற்குப் படமெல்லாம் இருக்குமே, அதையும் வரைந்தாயா என்று கேட்டுச் சிரித்தான். எங்கள் மேஸ்திரி மோசேசே எழுந்து அவன் தோளில் கை வைத்தார்.

"தங்கச்சிக்காக எழுதறான்டா இவன்."

அவ்வளவுதான் சொன்னார். புதியவன் முகம் செத்துப்போயிற்று. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அன்றைக்கு முழுவதும் என்னிடம் யாரும் பேசவில்லை. அவர்களுக்கு என்மேல் கோபம் இல்லை, எனக்காக வெட்கப்பட்டார்கள்.

அந்த வாரம்தான் நான் நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தை முடித்திருந்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். படம் இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டேன். அன்று மூன்றரைக்கே எழுந்து போனேன். மறுநாள் வந்து, பார்க்காமல் விரலால் தள்ளித் தள்ளி, நூற்று ஐம்பத்து நான்கில் போய் நின்றேன். அங்கே குடிநீரைக் கொதிக்க வைப்பது பற்றி இருந்தது. எழுத ஆரம்பித்தேன். கல்யாணம் ஆகாத பெண்களிடம் இதையெல்லாம் நுழைவுத் தேர்வில் கேட்கமாட்டார்கள், சேர்ந்த பிறகு சொல்லிக் கொடுப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அனாசேய்னி அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

முன்பு கொடுத்த தாள்களையும் அத்தையிடம் திரும்ப வாங்கி, மொத்தத்தையும் தூண்டில் நரம்பால் தைத்து, கெட்டி அட்டை போட்டுக் கொண்டுபோனேன். அந்தச் சனிக்கிழமை அத்தை கடற்கரையில் இருந்தார். சியாலே வாசலில் நின்றாள். நான் படிக்கட்டில் நோட்டை வைத்துவிட்டு விலகி நின்றேன். அவள் எடுத்து மூலையில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. பிறகு கடைசிவரை புரட்டி மூடினாள்.

"எவ்ளோ எழுதியிருக்கீங்க அண்ணா. கை வலிச்சிருக்கும்" என்றாள்.

என்னிடம் அவள் கேட்க முடியாது. நான் சொல்ல முடியாது. அவள் உள்ளே போனாள்.

அக்டோபரில் அத்தையோடு கப்பலேறித் தலைநகர் நுகுஅலோஃபா போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். டிசம்பரில் பெயர்ப் பட்டியலை ரேடியோவில் வாசித்தார்கள். துறைமுகத்துக் கடையில் நின்று கேட்டேன். தீவு தீவாக, ஊரோடு சேர்த்துப் பெயர் வாசித்தார்கள். எங்கள் பகுதியில் மூன்று பெயர். அவள் பெயர் இல்லை. மோசேசே ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். நான் திரும்பப் போய் மாவு மூட்டைகளை அடுக்கினேன். மற்றவர்கள் கலைந்துபோன பிறகும் அடுக்கினேன்.

சனிக்கிழமை தீவுக்குப் போனபோது சியாலே வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அத்தை என்னைத் தேங்காய் உரிக்கும் இடத்துக்குக் கூப்பிட்டார். சுகாதாரத் தேர்வுத் தாளில் அறுபது கேள்வியாம். அதில் பதினான்கு நோட்டில் இல்லாத இடத்திலிருந்து வந்ததாம். பதினான்கையும் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"அவ ஒன்னக் குத்தம் சொல்லல. ஒரு வார்த்த சொல்லல. நான்தான் சொல்றேன்" என்றார் அத்தை. "எழுத முடியலன்னா என்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். தாளத் தச்சு, அட்டையப் போட்டு, எல்லாம் இருக்குன்னு காட்டினியே, அதுதான் தப்பு."

நான் தேங்காய் உரித்துக்கொண்டே இருந்தேன். அது உண்மை. எழுதாமல் விட்டதற்காவது மரபு என்று ஒரு காரணம் உண்டு. ஆனால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தைத்துக் கொடுத்தது என் வேலை.

அவளுக்கு இன்னொரு வருடம் இருந்தது. அதற்கு மேல் வயது தாண்டிவிடும். நான் பல வழிகளை யோசித்துப் பார்த்தேன். வேறு யாரையாவது எழுதச் சொல்லலாம். ஆனால் நான் கூலி பேசி, நான் வாங்கி, நான் கொண்டுவந்து கொடுத்தால், அது நான் கொடுத்ததுதான். அவள் பங்காய்க்கு வந்து தானே படிக்க வேண்டும். தங்குவதற்கு என் ஒற்றை அறை ஒன்றுதான் உண்டு. நான் இருக்கும் அறையில் அவள் இருக்க முடியாது.

அடுத்த ஆகஸ்டில் அனாசேய்னி அம்மாவிடம் போனேன். என் தங்கை வருவாள், அத்தை கூட இருப்பார், புத்தகத்தைக் கொடுங்கள் என்றேன். அவர் சரி என்றார். நான் அசையாமல் நின்றேன். பிறகு, "நூத்தி முப்பத்திரண்டுலேர்ந்து" என்றேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே, "பாத்துக்கறேன், நீ கவலப்படாதே" என்றார்.

அத்தையிடம் சொன்னபோது அவர் பாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் என் அறையில தங்குங்க. நான் இங்க வந்துடறேன்."

"வேலை?"

"மோசேசேகிட்ட சொல்லிட்டேன். திரும்பக் கேட்டா பாக்கலாம்னு சொல்லியிருக்காரு."

"பாக்கலாம்னா குடுக்கமாட்டான்னு அர்த்தம்" என்றார் அத்தை. சிறிது நேரம் பின்னினார். "சோத்துக்கு என்ன பண்ணுவ?"

"மரவள்ளி வேகறதுக்கு ஆள் எதுக்கு அத்தை."

"உப்புப் போட ஆள் வேணும்டா. போன தடவை நீ வேகவெச்சதப் பன்னி கூடத் தொடல."

அவர்கள் படகேறினார்கள். அவர்கள் பங்காயில் இருந்த ஏழு வாரமும் நான் தீவில் இருந்தேன். வள்ளிக்கிழங்குத் தோட்டத்தைக் களையெடுத்தேன், கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகியதைச் சரிசெய்தேன். படுப்பது என் குடிசையில்தான். பெரிய வீட்டில் அவள் படுக்கை இருந்தது. அத்தை பாயை ஓலையால் மூடிவிட்டுப் போயிருந்தார். தினமும் வாசல்வரை போய்ப் பெருக்கிவிட்டு வருவேன். பக்கத்து வீட்டார் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார்கள், இரண்டு தடவை போனேன். மற்ற நாளில் பேச ஆள் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்தால் பழக்கத்தில் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். உள்ளே ஒரு சத்தமும் இருக்காது.

சனிக்கிழமைப் படகில் கிழங்கும் மீனும் அனுப்புவேன். கூடை ரொட்டியோடு திரும்பி வரும். ஒரு தடவை அதில் சீட்டு இருந்தது. அத்தைக்குப் பங்காய் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, இப்போது பரவாயில்லை, அங்கே மழை உண்டா என்று எழுதியிருந்தாள். படிப்பைப் பற்றி ஒரு வரி இல்லை. மழை இரண்டு நாள் பெய்தது என்று பதில் எழுதினேன். அதற்கு மேல் எழுத எதுவும் கிடைக்கவில்லை.

தேர்வுக்குப் பங்காயிலிருந்தே கப்பலேறிப் போனார்கள். நேர்முகம் முடியும்வரை நுகுஅலோஃபாவில் உறவுக்காரர் வீட்டில் தங்கினார்கள். பட்டியல் வாசித்த அன்று நான் சமையல் குடிசையில் ரேடியோவோடு தனியாக இருந்தேன். எங்கள் பகுதிக்கு வர வெகுநேரம் ஆயிற்று. முதல் பெயர் வேறு தீவு. இரண்டாவதாக உயிஹா என்றார்கள், பிறகு அவள் பெயரை, அப்பா பெயரோடு முழுசாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டில் யாரும் இல்லை. எல்லோரும் கடல் வற்றிய நேரத்தில் சிப்பி பொறுக்கப் போயிருந்தார்கள். நான் குளித்தேன். நல்ல வேட்டி கட்டி, அதற்கு மேல் தேவாலயத்துக்கும் சாவு வீட்டுக்கும் கட்டும் இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டு, போதகர் வீட்டுக்குப் போனேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வாசலுக்கு வந்து என் உடையைப் பார்த்துப் பயந்துபோய், யார் செத்தது என்று கேட்டார். யாரும் சாகவில்லை, சியாலேவுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிறகு வீட்டுக்கு வந்து இடுப்புப் பாயோடேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமைப் படகில் அத்தை மட்டும் வந்தார். அவள் அங்கேயே இருக்கிறாள், சீருடை தைக்கக் கொடுக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை இருக்கிறது என்றார். சொல்லிவிட்டு, அடுப்பில் இருந்த மரவள்ளியை ருசி பார்த்து உப்புப் போட்டார்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அத்தை இறந்து நாளாயிற்று. துறைமுக வேலை எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. தோட்டத்தோடு இருந்துவிட்டேன். சியாலே நுகுஅலோஃபாவில் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிடுவாள். கிழங்கு எப்படி என்று அவள் கேட்பாள், மழை எப்படி என்று நான் கேட்பேன். முன்பெல்லாம் அவள் வேலையைப் பற்றி அத்தை கேட்டு எனக்குப் பாதி சொல்வார். இப்போது நடுவில் ஆள் இல்லை.

போன மாதம் பங்காய்ப் படகில் ஒரு பெண் மடியில் குழந்தையோடு எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்தாள். சொன்னேன். அவள் முகம் மலர்ந்து, "சியாலே சிஸ்டரோட அண்ணனா? இவ பொறக்கறப்ப ராத்திரி முழுக்க என் கையப் புடிச்சிட்டு ஒக்காந்திருந்தாங்க" என்றாள். மேலும் ஏதோ சொல்ல வந்தவள், யாரிடம் சொல்கிறோம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

நான் கடலைப் பார்த்தேன். காற்று திரும்புகிறது, மழை வரலாம் என்றேன். ஆமாம் என்றாள். குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கரை வரும்வரை நானும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.