பிரெஞ்சுப் படத்துக்குப் பிறகு

தொண்ணூறுகளின் நடுவில் தனியாகக் கனடாவுக்கு வந்த நான், ஸ்காபரோவில் ஒரு தம்பதியின் அப்பார்ட்மென்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். அவர்களை அண்ணை, அக்கா என்றே கூப்பிடுவேன். அண்ணைக்கு ஓர் உணவகச் சமையலறையில் வேலை. அக்கா தொழிற்சாலையில் பொதி கட்டுவார். வாய்விட்டுச் சிரிக்கிற மனுசி. குளிர்காலத்தில், கூட வேலை செய்த ஒரு போர்த்துக்கீசர் அக்காவையும் வேறு இரண்டு பெண்களையும் தன் காரில் ஏற்றிவந்து வீடுகளில் விடுவார்.

ஒரு ஞாயிறு மத்தியானம், பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுச் சானலில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஓடியது. எங்கள் மூவருக்கும் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் கதை விளங்கியது. ஒருவன் மனைவியைச் சந்தேகப்படுகிறான். மழையில் நனைந்தபடி அவள் பின்னால் தெருத்தெருவாகப் போகிறான். கடைசியில் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டு, பொலிஸ் வரும்வரை அவளுடைய தலைமயிரைத் தடவிக்கொண்டு இருக்கிறான்.

"உந்த மனுசனுக்கு வேற வேலை இல்லையோ?" என்று அக்கா பாதிப்படத்திலேயே சிரித்தார். அண்ணை சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி, அவள் உண்மையிலை பிழை விட்டவளோ?"

"அப்பிடி ஒண்டும் காட்டேல்லையே அண்ணை."

"காட்டாட்டில் நடக்கேல்லை எண்டோ?"

"அவள் பாவம். அவனுக்குத்தான் விசர்" என்றார் அக்கா.

அண்ணை அவர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "உம்மைக் காரிலை கொண்டுவந்து விடுறவன், ஆரைக் கடைசியா இறக்கிறவன்?"

அக்காவுக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. விளங்கியபோது முகம் வெளிறிவிட்டது. "என்னைத்தான். எங்கடை வீடுதானே தூரம்" என்றார்.

அடுத்த நாளிலிருந்து அக்கா பஸ்ஸில் வந்தார். பஸ் பிந்தினால் அதற்கும் விசாரணை. பனி கரைவதற்குள் வேலையை விட்டார். "வீட்டிலை இருந்தால் நிம்மதி" என்று என்னிடம் சொன்னார். நிம்மதி வரவில்லை. அண்ணை வேலையிலிருந்து போன் எடுத்துக்கொண்டே இருப்பார். அக்கா குளிக்கும்போதும் குளியலறைக் கதவைத் திறந்து வைத்திருப்பார், மணி கேட்க வேண்டுமே என்று.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அக்கா, உங்களைப்போல ஆக்களுக்கு உதவி செய்யிற இடங்கள் இருக்கு. வாங்கோ, நானும் வாறன்."

"போய் என்ன சொல்லுறது? அவர் குடிக்கிறேல்லை. கை நீட்டுறேல்லை. கேள்விதான் கேக்கிறார். ஆர் நம்புவினம்?"

அக்காவைச் சமாதானப்படுத்துவதுபோல் தோளைத் தொட்டேன். அவர் அழவுமில்லை.

அடுத்த வருடம் அவர்கள் நகரத்துக்கு வெளியே, அஜக்ஸில் புது வீடு வாங்கிப் போனார்கள். ஒருமுறை போயிருந்தேன். சுற்றிலும் ஆள் குடிவராத வீடுகள். பக்கத்தில் கடையுமில்லை, பஸ்ஸுமில்லை. அண்ணை பெருமையோடு ஒவ்வோர் அறையாகக் காட்டினார். குசினியில், அடுப்புப் பக்கத்தில் அக்காவோடு தனியே நின்றபோது, "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டேன். அவர் முதலில் மாடிப்படியைப் பார்த்தார். பிறகுதான், "நல்லா இருக்கிறன்" என்றார். குரலை இவ்வளவு தாழ்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை.

அண்ணைதான் என்னை ரயிலுக்குக் கொண்டுவந்து விட்டார். வழியில், அக்கா என்னிடம் என்ன சொன்னார் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. அதன்பிறகு அந்த வீட்டுக்குப் போன் எடுத்தால் அண்ணைதான் எடுப்பார். அக்கா படுத்திருக்கிறார் என்பார். பிறகு இன்னும் தள்ளி, விட்பிப் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். புது நம்பர் யாரிடமும் இருக்கவில்லை.