மாமா முறுக்கி வைத்த வயர்

சனிக்கிழமை மதியம், சர்வீஸ் முடிந்த காரை டெலிவரி எடுக்க வந்தவர்கள் கவுண்டரில் வரிசையாக நிற்கும் நேரத்தில், என் கணவர் கௌதம் போன் செய்தார். ஸ்டீயரிங்கிலிருந்து ஏர்பேக்கை வெளியே இழுத்தாயிற்று, பின்னால் இருக்கும் மஞ்சள் பிளக் மட்டும் கழல மாட்டேன் என்கிறது என்றார்.

நான் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் அட்வைசர். கஸ்டமர் சொல்லும் கோளாறை மெக்கானிக்குக்கும், மெக்கானிக் சொல்லும் வேலையைக் கஸ்டமருக்கும் புரிய வைப்பதுதான் என் வேலை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று எங்கள் மேனேஜர் கேட்டார். முதலில் நினைவுக்கு வந்தது ஒரு கஸ்டமரின் கார் அல்ல, பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற எங்கள் கார்தான்.

1. நான் சொன்னதும் சொல்லாததும்

பழைய காராக வாங்கியது. ஸ்டீயரிங்கின் தோல் உரிந்து கையில் ஒட்டியது. அதே மாடலின் நல்ல ஸ்டீயரிங் ஒன்று கிடைத்ததும், தானே மாற்றுகிறேன் என்று கௌதம் வீடியோ பார்த்து உட்கார்ந்துவிட்டார். சர்வீஸ் சென்டரிலேயே மாற்றலாம் என்றேன். "வீட்டுல ஒரு கார் ஆளு இருக்கும்போது எதுக்கு?" என்று என்னையே காட்டிச் சிரித்தார்.

அதனால் காலையில் கிளம்பும் முன் எல்லாவற்றையும் சொன்னேன். சாவியை எடுத்துவிட வேண்டும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கும் வரை காத்திருக்க வேண்டும். கழற்றிய ஏர்பேக்கை முகம் மேலே பார்க்க வைக்க வேண்டும், கவிழ்க்கக் கூடாது. பஸ்ஸில் போகும்போது, சொன்னது போதுமா என்ற சந்தேகத்தில் மறுபடி அதையே மெசேஜாக அனுப்பினேன்.

ஆனாலும் மதியம் அந்தப் போன் வந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. வீட்டில் எங்கள் மகள் மைத்ரி இருக்கிறாள். இரண்டு வயது, எதையும் இழுத்துப் பார்க்கிற வயது. "பாத்துங்க, உள்ள இருக்கறது டெட்டனேட்டர் மாதிரி. கொஞ்சம் ஏமாந்தா அவ்ளோதான். பாப்பாவ கிட்டயே விடாதீங்க" என்றேன். அதற்குள் கவுண்டரில் ஒருவர் பில்லைத் தட்டிக் காட்ட, போனை வைத்துவிட்டேன்.

அந்தப் பிளக்கின் நடுவில் ஒரு சின்ன லாக் இருக்கும். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் அதைத் தூக்கினால் பிளக் கையோடு வந்துவிடும். தினமும் பார்க்கிற விஷயம். அதை மட்டும் நான் சொல்லவில்லை.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் மாமனார் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார்.

2. பீரோ மேல்

மாமா கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைக்கும் கூட்டத்தில் இருந்தவர். சுரங்கம் மூடிய பிறகு பெங்களூர் வந்து செக்யூரிட்டி வேலை பார்த்தார். இப்போது நாங்கள் இருவரும் வேலைக்குப் போகும்போது மைத்ரியைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அவர் இருக்கும் தைரியத்தில்தான் பிரசவத்துக்குப் பின் நான் வேலைக்குத் திரும்பினேன்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது ஏர்பேக் பீரோவின் மேல் இருந்தது. முகம் மேலே பார்த்துத்தான் இருந்தது. ஆனால் பிளக்குக்குப் போகும் இரண்டு வயரும் வெட்டப்பட்டு, ஏர்பேக் பக்கத்து முனைகள் சீவப்பட்டு, ஒன்றோடொன்று இறுக்கமாக முறுக்கப்பட்டிருந்தன.

"பயப்படாதம்மா. ஒவ்வொன்னா வெட்டி முறுக்கிட்டேன். கேப்புல இருக்கற ரெண்டு வயரும் சேந்திருந்தா எந்தக் கரண்டும் உள்ள போவாது. இனிமே அது வெறும் பொம்ம" என்றார் மாமா. சுரங்கத்தில் டெட்டனேட்டருக்குக் கேப்பு என்றுதான் பெயர். அவர் முகத்தில் நல்ல வேலை செய்த நிம்மதி இருந்தது.

ஏர்பேக் வயரை வெட்டி ஒட்டுப்போடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். ஆனால் அப்போது எனக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. கட்டிங் பிளேயரும் அந்த ஏர்பேக்கும் மைத்ரியும் ஒரே வீட்டில் இருந்த காட்சிதான் கண்முன் வந்தது.

"யாரு மாமா உங்கள இதத் தொடச் சொன்னது? புள்ளய வெச்சிக்கிட்டு இந்த வேலயெல்லாம் செய்வீங்களா? அப்புறம் எந்த நம்பிக்கயில நான் இவள உங்ககிட்ட உட்டுட்டுப் போறது?"

பக்கத்து வீட்டுக்காரம்மா எங்கள் வாசலில் நின்றிருந்தார். கௌதம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் விடவில்லை. மாமா பிளேயரை டூல் பாக்ஸில் வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டார்.

மறுநாள் தங்கவயலில் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குக் காரில் போவதாக இருந்தது. ரயிலில் போனோம். மாமா ஜன்னல் பக்கம் தூங்கிய பிறகு கௌதம் மெதுவாகச் சொன்னார்.

"நீ வெடின்னு சொன்னதும் அப்பா பாப்பாவ பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வந்தாரு. என்னயும் ரோட்டுக்கு அந்தாண்ட போய் நிக்கச் சொன்னாரு. எல்லாரும் தள்ளிப் போனப்புறம்தான் கார்ல கைய வெச்சாரு."

சுரங்கத்தில் அதுதான் முறையாம். வெடியிடம் ஒருவன் போதும், மற்றவர்கள் விலகிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரம்மா அன்று வாசலில் நின்றது வேடிக்கை பார்க்க அல்ல, பாப்பாவைக் கொண்டுவந்து விட.

3. சலீம் பாய்

திங்கட்கிழமை எங்கள் எலெக்ட்ரீஷியன் சலீம் பாயிடம் மாமா முறுக்கிய வயரின் போட்டோவைக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"யாரு மேடம் செஞ்சது? வெடி புழங்கின ஆளா?"

ஆமாம் என்றேன்.

"ஏர்பேக்குல பிளக்கு உக்கார்ற எடத்துல சின்னதா ஒரு கிளிப் இருக்கு. பிளக்க உருவினா அது ரெண்டு பின்னயும் தானா சேத்துப் புடிச்சுக்கும். உங்காளு முறுக்கினாரே, அதே வேலதான். ஆனா வெட்டினது வெட்டினதுதான் மேடம், ஜாயிண்ட்டு போட்டு ஓட்ட முடியாது. ஸ்டீயரிங்குக்கு அடில அந்தப் பிளக்கோட வர்ற ஸ்பைரல் கேபிள் புதுசு போட்டே ஆவணும்."

இத்தனை நாள் அந்த மஞ்சள் பிளக்கைப் பார்க்கிறேன், அப்படி ஒரு கிளிப் இருப்பது எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். நான் பேசியது தப்பு என்றும் சொன்னேன். "பரவால்லம்மா, உன் பயம் உனக்கு" என்றார்.

4. லைட் அணைந்த பிறகு

ஸ்பைரல் கேபிள் வந்தது. சலீம் பாய் மாற்றிக் கொடுத்தார். டேஷ்போர்டில் எரிந்துகொண்டிருந்த ஏர்பேக் எச்சரிக்கை லைட் அணைந்தது. புது ஸ்டீயரிங் கைக்கு நன்றாக இருக்கிறது.

இப்போது கஸ்டமரிடம் ஆபத்தைப் பற்றிப் பேசும்போது, எதைச் செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்கிறேன். லாக் எங்கே இருக்கிறது, எப்படித் தூக்க வேண்டும் என்று. பயத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனை வைத்தால், கேட்டவர் தனக்குத் தெரிந்ததைத்தான் செய்வார். அவர் செய்ததைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இதுவும் சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை.

வீட்டில் மாமா எதையும் கேட்டுத்தான் தொடுகிறார். மிக்ஸியைப் போடலாமா, பாப்பாவுக்கு நகம் வெட்டலாமா, மொட்டை மாடிக்குக் கூட்டிப் போகலாமா. நான் வேலையில் இருந்தால் போன் செய்து கேட்கிறார். கேலியாகக் கேட்டாலாவது நானும் பதிலுக்கு ஏதாவது சொல்வேன். அவர் நிஜமாகவே கேட்கிறார்.

போன வாரம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது மைத்ரி அலறும் சத்தம் கேட்டது. அவசரமாக வெளியே வந்தேன். பிரம்பு நாற்காலியின் பின்னலில் அவள் விரல் மாட்டியிருந்தது. மாமா அவள் பக்கத்தில் முட்டி போட்டு, இரண்டு கையையும் நீட்டியபடி, அவளைத் தொடாமல் இருந்தார்.

"எடுத்து உடலாமாம்மா?" என்றார்.

"எடுங்க மாமா" என்றேன்.

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, எனக்கு வழிவிட்டு எழுந்தார்.

"நீயே எடுத்துடும்மா."