இடக் கன்னத்தில் விழுந்த குத்து

பழைய லாரிகளை உடைக்கும் பட்டறையில் சம்மட்டி அடித்துத்தான் அப்பா என்னைப் பட்டதாரியாக்கினார். அவர் அடிக்க, சித்தப்பா உளியைப் பிடிப்பார். "வயசாச்சுண்ணே, சம்மட்டியை என்கிட்ட குடு" என்று சித்தப்பா ஒரு வாரமாகவே நச்சரித்தார்.

"நீ நடை பழகும்போதே இரும்பு உடைச்சவன்டா நான்!"

அன்று காலை பேச்சு முற்றியது. பத்து மணிக்குச் சம்மட்டி உளியைத் தவறிச் சித்தப்பாவின் இடக்கையில் இறங்கியது. எலும்பு நொறுங்கியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது.

"வேணும்னேதானே அடிச்சே!"

சித்தப்பா வலக்கையால் அப்பாவின் இடக் கன்னத்தில் குத்தினார். எந்தச் சண்டையிலும் அடி விழுமுன் விலகிவிடும் அப்பா, இமைகூடச் சிமிட்டாமல் வாங்கினார். மூக்கில் ரத்தம் கொட்டியது. மறுபடி ஓங்கிய சித்தப்பாவைத் தள்ளிவிட்டு, அப்பாவின் வலக்கண்ணைப் பொத்தி விரல்களை நீட்டினேன்.

"எத்தனை விரல்ப்பா?"

"எங்கடா விரல்?"

விழித்திரைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருந்தது. விடியலில் கண் இருண்டதுமே வந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர்.

கட்டுப்போட்ட கையோடு சித்தப்பா கத்தினார்: "அப்பவே சொல்லித் தொலைச்சா என்னண்ணே?"

"சொன்னா சம்மட்டியைப் பிடுங்கிப்பே."

"இப்ப பிடுங்க எனக்குக் கை ஏதுண்ணே?"