வாசலில் நின்ற ஆட்டோ

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். செங்கல் சுமந்தே முன்னுக்கு வந்து, காரைக்காலில் கீழே சிமெண்டுக் கடையும் மேலே வீடுமாகக் கட்டினேன். எங்கள் வம்சத்தில் வேறு எவனும் இதைச் செய்ததில்லை.

விழிதியூரில் விவசாயம் பார்த்த என் தம்பி, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஆட்டோவில் வந்தவன், வாசலிலிருந்தே போன் செய்தான்.

"அண்ணே, கொஞ்சம் கீழ வாங்களேன்."

"ஏன், தொரைக்குப் படி ஏற முடியாதா? மேல வாடா."

வரவில்லை. பத்திரிகையையும் வெற்றிலை பாக்கையும் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். திமிர் என்று முடிவுகட்டி, கல்யாணத்துக்கு நான் போகவில்லை. என் மகன் கல்யாணத்துக்கு அவனுக்குத் தபாலில் பத்திரிகை அனுப்பியவன் நான். அதற்கு மட்டும் வேலை நெருக்கடி என்று பெயர் வைத்திருந்தேன்.

நாலு மாதத்தில் தம்பி செத்துப்போனான். மாலையோடு போய்ப் பார்த்தால், போர்த்தியிருந்த வேட்டிக்கடியில் வலது கால் இல்லை.

"சக்கர வியாதிப் புண்ணு மாமா," என்றாள் தம்பி மனைவி. "சம்பந்தம் கலைஞ்சிருமோன்னு கல்யாணம் முடியிறவரைக்கும் வெளிய சொல்லல, முடிஞ்சப்புறம்தான் கால எடுத்தாங்க. உங்க வாசலுக்கு வந்தப்பவே கால ஊன முடியாது."

கல்லூரியில் மனோதத்துவம் நடத்தும் என் மகள் அன்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "நம்ம தப்புக்குச் சூழ்நிலையக் காரணம் சொல்வோம், அடுத்தவங்க தப்புக்கு அவங்க குணத்தச் சொல்வோம். எல்லா மனுஷங்களும் அப்படித்தாம்ப்பா."

ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் என்னை "அண்ணே" என்று கூப்பிட எனக்கு அவன் ஒருவன்தான் இருந்தான். என் வீட்டுக்குப் பதினெட்டே படி. நான் இறங்கியிருக்கலாம்.