படகில் மனம் மாற்ற வந்தவர்

மனிதருடைய மனத்தை மாற்றுவது எப்படி என்று படித்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் காது சூடேறும். அவர்கள் என் மனத்தை உண்மையாகவே மாற்றிவிட்டார்கள், அதுதான் காரணம். மாற்ற முடியாமல் தோற்றுப் போயிருந்தால் நாலு பகிடி விட்டுவிட்டு மறந்திருப்பேன்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் நான் எழுதுவினைஞனாக, ஊர்ப் பேச்சில் கிளாக்கராக, இருந்தேன். கல்யாணம் முடித்து மனைவியின் ஊரான மூதூரில் குடியேறியபின், காலையும் மாலையும் கொட்டியாரக் குடாவைப் படகில் கடப்பது என் தலையெழுத்தாயிற்று. தரைவழியும் இருந்ததுதான். ஆனால் ஆறு குறுக்கிடும் இடமெல்லாம் மிதவைக்குக் காத்து நின்று போய்ச் சேர்ந்தால், அலுவலகத்தில் மற்றவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. களஞ்சியத்தில் பெரியவர் சின்னவர் பாராமல் எல்லாரையும் நையாண்டி பண்ணுகிற என் வாய், படகு ஜெட்டியை விட்டு விலகியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும். மூடி இறுக்கிய வெறும் தேங்காயெண்ணெய் டின் ஒன்றைப் புல்லால் இழைத்த பன்பையில் வைத்துக்கொண்டுதான் பயணம் செய்வேன். படகு கவிழ்ந்தால் அதைக் கட்டிப்பிடித்து மிதப்பது திட்டம். பட்டணத்தில் எண்ணெய் வாங்கக் கொண்டுபோவதாக ஊருக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஊர் நம்பவில்லை.

தோப்பூரைச் சேர்ந்த வெற்றிலை வியாபாரி ஒருவர் தினமும் அதே படகில் வருவார். வயதில் எனக்கு மூத்தவர்; அண்ணன் முறைக்குக் காக்கா என்பேன். என்னைக் கண்டதும் ஆரம்பிப்பார்.

"என்ன கிளாக்கர், இண்டைக்கும் எண்ணெய் கிடைக்கல்லையா?"

"விலை ஏறிப்போச்சு காக்கா."

"அல்லாஹ் காப்பாத்தட்டும். அந்த டின்னில எனக்கும் ஒரு கை வைக்க இடம் விடுங்க."

ஆனால் என்னைப் பயமுறுத்தியது கடல் இல்லை, இந்த வெற்றிலைக்காரரும் அவரைப் போன்றவர்களும்தான். மாலைப் படகு மூதூர் ஜெட்டியை நெருங்குமுன்னே, முதல் ஆளாக இவர் கூடையைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழும்புவார். இவர் எழும்பினால் படகு முழுவதும் எழும்பும். எல்லாரும் முன்பக்கம் ஒரே ஓரமாக நெருக்குவார்கள். படகு அந்தப் பக்கம் சாயும்; படகோட்டி அவர்களுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்; நான் பின்னால் டின்னைக் கட்டிப்பிடித்தபடி, இந்தச் சனத்துக்கு மூளை என்ற ஒன்றே கிடையாதென்று முடிவு கட்டுவேன்.

அப்படி இருக்கையில் மனைவிக்கு வயிற்றில் பிள்ளை வந்தது. முதல் பிள்ளை தங்காமல் போனதால், இந்த முறை பட்டணத்து ஆஸ்பத்திரியில்தான் பெறவேண்டும், இடையிடையே கிளினிக்குக்கும் வந்துபோக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கிளினிக் நாட்களில் அவள் காலையில் என்னோடு வந்து, மாலைப் படகில் என்னோடு திரும்புவாள். என் பீதி என்னவாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. டின்னை அவள் மடியில் வைக்கப் போனேன்.

"நீங்களே வைச்சிருங்கோ," என்றாள். "நான் உங்களைப் பிடிச்சுக்கொள்ளுறன்."

நான் மேலிடத்துக்குப் போய் முறையிட்டேன். இன்னொரு படகு விடுங்கள், இல்லாவிட்டால் ஏற்றும் ஆட்களையாவது குறையுங்கள் என்று கேட்டேன். மேலிடம் கவனமாகக் கேட்டுக்கொண்டது. படகு வரவில்லை. கொழும்பிலிருந்து மனம் மாற்றுகிற அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார்.

நல்ல பிள்ளைதான். கசங்காத வெள்ளைச் சேர்ட், தேன் மாதிரிப் பேச்சு. ஜெட்டியில் நின்று சனத்தை ஒரு மாலை பார்த்தார்.

"சனத்தின்ர நடத்தையை மாத்தோணுமெண்டால் முதல்ல மனப்பாங்கை மாத்தோணும்," என்றார்.

"படகை மாத்த ஏலாதோ, சேர்?"

"அது வேற திணைக்களம்."

முதலில் பயத்தால் மாற்றப் பார்த்தார். கவிழ்ந்த படகும், தண்ணீருக்கு மேலே விரிந்த கைகளும் தீட்டிய பெரிய பலகை ஒன்று ஜெட்டியில் எழும்பியது. சனம் கூட்டமாக நின்று பார்த்து, உச்சுக் கொட்டியது. அன்று மாலை வழக்கத்தைவிட முந்தியே எழும்பி நின்றது. வெற்றிலைக்காரரிடம் காரணம் கேட்டேன்.

"படத்தைப் பார்த்தா பயமாத்தான் இரிக்கி, கிளாக்கர். அதான் கெதியா இறங்கப் பார்க்கிறம்."

அந்தப் பலகை வேலை செய்த ஒரே ஆள் நான். இரண்டாவது டின் ஒன்று வாங்கினேன்.

அடுத்தது சத்தியம். பலர் முன்னால் வாக்குக் கொடுத்தவன் அதை மீற வெட்கப்படுவானாம். ஜெட்டிக்குப் பக்கத்து மண்டபத்தில் கூட்டம் போட்டார். மாத் தட்டுப்பாட்டில் பாணுக்கு விடியமுன்னே வரிசையில் நின்ற காலம் அது. கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணியும் இனிப்புப் பணிஸும் என்று கதை பரவியதும், படகில் கால் வைத்தே அறியாதவர்கள்கூட வந்து, கயிறு கட்டும்வரை எழும்பமாட்டோம் என்று கை தூக்கினார்கள். ஒருவர் இரண்டு கையையும் தூக்கினார். இரண்டு பணிஸ் கிடைக்கும் என்று நினைத்திருப்பார். அன்று மாலை சத்தியம் செய்தவர்கள் அத்தனை பேரும் எழும்பினார்கள். நான் வெற்றிலைக்காரர்மேல் பாய்ந்து விழுந்தேன்.

"கை தூக்கினதுக்குத்தானே பணிஸ் தந்தவங்க," என்றார் வெற்றிலைக்காரர். "குந்தி இரிக்கிறதுக்கு ஒண்டும் தரல்லையே."

அதிகாரி சளைக்கவில்லை. மூன்றாவது வழிக்கு என்னைப் பிடித்தார்.

"ஒரு கருத்துக்காகப் பலருக்கு முன்னால கதைக்கிற ஆள், கொஞ்ச நாளில தானே அதை நம்பத் தொடங்குவார்," என்று விளக்கினார். "வாய் ஒரு பக்கம், மனம் ஒரு பக்கமாக மனிசனால கனநாள் நிற்க ஏலாது. ஏதோ ஒண்டு மற்றதிட்டப் போகோணும். சொன்னதைத் திருப்பி விழுங்க ஏலாது. ஆனபடியால் மனம்தான் வாயிட்டப் போகும்."

"அதுக்கு நான் என்ன செய்யோணும்?"

"நீங்கள் ஊரறிஞ்ச பயந்தாங்கொள்ளி. அதோட கதைகாரன். நீங்கள் சொல்லத் தொடங்கினால் சனமும் சேர்ந்து சொல்லும்."

இப்படியாக, தினமும் மாலை படகின் பின்பக்கம் நின்று, "எல்லாரும் இருந்த இடத்தில் இருந்தால் இந்தப் படகுக்கு ஒன்றும் நடக்காது" என்று பிரசங்கம் செய்கிற வேலை எனக்கு வந்தது. நடுங்கி நடுங்கித்தான் தொடங்கினேன். பிறகு பகிடி சேர்த்தேன். எழும்புகிறவர்களைப் போல நடித்துக் காட்டினேன். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்துக்கொண்டே எழும்பி நின்றது. சேர்ந்து சொல்ல ஒருவரும் வரவில்லை.

மாறியது நான். ஒருநாள் ஒரு டின்னை வீட்டில் விட்டேன். பிறகு மற்றதையும் விட்டேன். படகு சாயும்போது முன்பு போல நெஞ்சு அடிக்கவில்லை. அலையைப் பார்த்து ரசிக்கக்கூடத் தொடங்கிவிட்டேன். கிளினிக்குக்குப் புறப்பட்ட ஒரு காலை மனைவி என் பன்பையை எட்டிப் பார்த்தாள்.

"டின் எங்க?"

"டின் எதுக்கு? எல்லாரும் ஒழுங்கா இருந்தால் அந்தப் படகுக்கு ஒண்டும் நடக்காது."

"ஆர் ஒழுங்கா இருக்கினம்?"

நாளாந்தம் உரத்துச் சொன்னதில், அந்த வசனத்தின் முதல் பாதி என் காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. இதைத்தான் என்னால் மன்னிக்க ஏலாமல் இருக்கிறது. ஆபத்தை இருந்த இடத்தில் அப்படியே விட்டுவிட்டு என் பயத்தை மட்டும் கழற்றி எடுத்திருக்கிறார்கள். என்னிடம் இருந்த ஒரே புத்தியான சாமான் அந்தப் பயம்தான்.

அன்று மாலை மாரிக்காற்று எழும்பியிருந்தது. நான் பிரசங்கத்தின் நடுவில் இருந்தபோது மூதூர் ஜெட்டி தெரிந்தது. வெற்றிலைக்காரர் கூடையைத் தூக்கினார். படகு முழுவதும் முன்னால் பாய்ந்தது. சாய்ந்த பக்கத்தால் ஒரு அலை உள்ளே ஏறி, என் மனைவியின் மடி வரைக்கும் வந்து விழுந்தது. அவள் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். வாயில் இருந்த பாதி வசனம் அங்கேயே இருந்தது.

கரையில் கால் வைத்ததும், சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "இனி நான் இதில வரமாட்டன். பிள்ளையை இஞ்சையே பெறுறன்."

"டாக்டர் என்ன சொன்னவர்? போன முறை நடந்தது தெரியும்தானே?"

"தெரியும். இப்ப நடந்ததும் தெரியும்."

அவளை ஓரமாக இருக்கச் சொல்லிவிட்டு, வெற்றிலைக்காரரின் கழுத்தைப் பிடிப்பது என்று பின்னால் ஓடினேன். அவரோ எனக்கு முன்னால் இன்னும் வேகமாக ஓடிக்கொண்டிருந்தார். ஜெட்டிக்கு வெளியே தோப்பூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. யன்னல்களின் கீழே ஒரே தள்ளுமுள்ளு. எட்டிய கைகளெல்லாம் ஆசனங்களில் முகம் துடைக்கிற கைலேஞ்சியை எறிந்தன. கைலேஞ்சி விழுந்த ஆசனம் அதற்குரியவருக்குச் சொந்தம். அதில் ஒருவரும் வாதாட ஏலாது. எறிய இடம் கிடைக்காதவர்கள் படியில் தொங்கினார்கள். தொங்கவும் இடமில்லாதவர்கள் கீழே நின்றார்கள்.

என் வீடு ஜெட்டியிலிருந்து கூப்பிடு தூரம். அந்த பஸ்ஸில் நான் ஒருநாளும் ஏறியதில்லை. அது நிற்பதைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

"இதை விட்டா வேற பஸ் இல்ல," என்றார் வெற்றிலைக்காரர், யன்னலுக்குள் அரைவாசி நுழைந்தபடி. "நடக்கோணும். வழியில ஆனையும் இரிக்கி. நீங்க வீட்ட போய்க் கால் கழுவித் தேத்தண்ணி குடிக்கிற ஆள், கிளாக்கர். உங்கட மனசு மாறும். எங்கட பஸ் மாறாது."

மறுநாள் காலை அதிகாரியிடம் இதைச் சொன்னேன். பஸ்ஸைக் கொஞ்சம் தாமதிக்க ஏற்பாடு செய்யச் சொன்னேன். அது போக்குவரத்து விடயம், தன்னுடையது மனப்பாங்கு என்றார். காலையில் ஆட்களை இறக்க வந்திருந்த பஸ் சாரதியிடம் போனேன். பிந்தி எடுத்தால் டிப்போவில் ஏச்சு வாங்குவது நீங்களா என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று களஞ்சியத்தில் ஒரு பகிடியும் விடவில்லை. எனக்குச் சுகமில்லை என்று நினைத்துப் பக்கத்து மேசைக்காரர் கொத்தமல்லிக் குடிநீர் வாங்கித் தந்தார்.

அந்த மாலை படகில் பிரசங்கம் செய்யவில்லை. பன்பையை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனேன்.

"கைலேஞ்சியைத் தாங்கோ. நான் முதல்ல இறங்கி ஓடிப்போய் உங்கட இடத்தில போட்டுவிடுறன். எனக்கு அந்த பஸ்ஸில இடம் தேவையில்லை. ஆனால் ஆராவது எழும்பினால் பையோட கடலுக்கை எறிவன்."

"எறிஞ்சிட்டு நீங்க என்னத்தைப் பிடிச்சு மிதப்பீங்க?" என்றார் வெற்றிலைக்காரர். இருந்தாலும் முதல் லேஞ்சியை அவர்தான் போட்டார். கைலேஞ்சி இல்லாதவர்கள் தொப்பி போட்டார்கள், குடை போட்டார்கள். ஒரு தாய் பிள்ளையின் சட்டையைக் கழற்றிப் போட்டாள்.

படகு ஜெட்டியை நெருங்கியது. ஒருவரும் எழும்பவில்லை. அவரவருடைய ஆசனம் என் பைக்குள் இருந்தது. நான் பாய்ந்து, ஓடி, எல்லாவற்றையும் பரப்பினேன். எது யாருடையது என்று தெரியாமல் போட்டதில், யன்னல் ஓரத்துக்கு அடிபிடி ஆனது. தாராளமாக அடிபடட்டும். தரையில் அடிபட்டு ஒருவரும் தண்ணீரில் மூழ்கியதில்லை.

மனைவி என் சொல்லை நம்பவில்லை. பெருத்த வயிற்றோடு ஜெட்டிக்கு வந்து, படகு கரைக்கு வருவதைச் சில மாலைகள் தானே நின்று பார்த்தாள். பிறகுதான், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றாள்.

மகள் பிறந்தாள். அவர்களைக் கூட்டிவந்த மாலையில் அதிகாரியும் படகில் ஏறியிருந்தார். நிரம்பிய படகு, அத்தனை பேரும் குந்தியபடி. அவருடைய முகத்தில் வெளிச்சம்.

"பார்த்தீங்களோ, உங்கட பேச்சால சனத்தின்ர மனப்பாங்கே மாறிட்டுது. மேலிடத்துக்குச் சொல்லப் போறன்."

"சேர், அது கைலேஞ்சி."

"ஓம், அதையும் விளக்கலாம். ஒரு பொருளை ஒப்படைச்ச ஆள் மனதாலயும்…"

அதற்கும் ஒரு விளக்கம் இருந்தது. அந்த விளக்கத்தில் பஸ் இல்லை, ஆனை இல்லை, இன்னொரு படகு கேட்டுப் போன நானும் இல்லை. சனத்தின் மண்டைக்குள்தான் எல்லாம் நடந்ததாம். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஜெட்டி நெருங்கவும் விறுவிறென்று முன்பக்கம் போய், பையை அணைத்துக்கொண்டு நின்றேன். கையில் பிடிக்க டின்னும் இல்லை.

"கிளாக்கர், இருங்க," என்றார் வெற்றிலைக்காரர். "படகு ஆடுது."

"இருங்கோவன்," என்றாள் மனைவி. "இப்ப நீங்கள் ஒராள்தான் எழும்பி நிக்கிறீங்கள்."

கயிறு விழுமுன் பாய்ந்தேன். முழங்கால் வரை நனைந்து ஓடி, பரப்பிவிட்டு வந்தேன். மனைவி கடைசி ஆளாக, கால் நனையாமல், மகளோடு இறங்கி வந்தாள். அவளுக்குப் பின்னால் அதிகாரி கைகுலுக்கக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். அவருக்குச் சொல்ல என் நெஞ்சில் முட்டி நின்றதையெல்லாம் கொட்ட வாயைத் திறந்தேன்.

"மெதுவா," என்றாள் மனைவி. "பிள்ளை நித்திரை."

மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பன்பையைக் கொட்டியபோது ஒற்றைச் செருப்பு ஒன்று விழுந்தது. கைலேஞ்சியை மறந்துவிட்டு வந்ததாக வெற்றிலைக்காரர் அன்று பைக்குள் போட்டது. அப்படியென்றால், நான் அதைப் பஸ்ஸில் போட மறந்ததில், அவர் ஆசனமும் இல்லாமல், ஒரு கால் வெறுமையாக, தோப்பூர்வரை நின்றுகொண்டே போயிருக்கிறார். நாளை மாலை என்னை நம்பாமல் அவர் எழும்பினால் படகே எழும்பும். என் நெஞ்சு பழையபடி அடிக்கத் தொடங்கியது. எவ்வளவு காலத்துக்குப் பிறகு.

விடிந்ததும் செருப்பைக் கடதாசியில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். மனைவி குசினிக்குள்ளிருந்து டின்னைக் கொண்டுவந்து, மூடி இறுக்கமா என்று திருகிப் பார்த்து, அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.