ராஜண்ணன் புரை ஒன்று, ராஜண்ணன் புரை இரண்டு

கேமரா வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்தக் கம்பெனி நல்லது, எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்றுதான் கேட்பார்கள். பெயர் வைப்பதைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. வளைகுடாவில் பன்னிரண்டு வருடம், குலசேகரத்தில் ஒன்பது வருடம் கேமரா மாட்டியவன் நான். அந்தப் பெயர் விஷயத்தில்தான் கோட்டை விட்டேன்.

1. மதிலுக்கு இரண்டு பக்கமும்

ஞானராஜ் அண்ணன் எஸ்டேட் வேலையில் ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் மரமும் ஒரு புகைப்புரையும் உண்டு. ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, கீழே தீ மூட்டிப் புகையில் காயவைக்கிற கொட்டகை அது. அதற்கு ஒரு கேமரா வேண்டும் என்று கூப்பிட்டார்.

"நாலு ஷீட்டு காணல மக்கா. எவன் எடுத்தான்னு எனக்குத் தெரியும். வாயால சொன்னா ஆரு நம்புவா? படம் வேணும்" என்று சொல்லிவிட்டு மதிலைப் பார்த்தார். மதிலுக்கு அந்தப் பக்கம் அவருடைய தம்பி செல்வராஜின் வீடும் புகைப்புரையும். எல்லைக்கல் தகராறில் இருவரும் பேச்சை விட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது.

கேமராவைப் புரைக்கு உள்ளே மாட்டச் சொன்னார். உள்ளே மாட்டினால் ஒரே வாரத்தில் லென்ஸ் அடுப்புச் சட்டியாகிவிடும் என்று சொல்லி, முன்சாய்ப்பின் ஓரத்தில், கதவைப் பார்க்கிற ஆங்கிளில் மாட்டினேன். ஏணியிலிருந்து இறங்குவதற்குள் மதிலுக்கு மேல் செல்வராஜ் அண்ணனின் தலை தெரிந்தது.

"தம்பி, அது எத்தன மெகாபிக்சல்?"

"நாலு அண்ணே."

"எனக்க புரைக்கு அஞ்சு போடு."

கையில் இன்னொன்று இருந்தது, அதுவும் நாலுதான். அவர் முகம் வாடிவிட்டது. கடைசியில், "அப்ப அங்க உள்ளத விட ஒரு அடி மேல மாட்டு" என்றார். அளந்து ஒரு அடி மேலேயே மாட்டினேன்.

இரண்டு கேமராவையும் முதலில் என் போன் ஆப்பில் சேர்த்து, பெயர் போட்டு, பிறகு அவரவர் போனுக்கு ஷேர் செய்வது என் வழக்கம். எங்கள் பக்கம் சர்ச் வாசலில் நின்று 'ராஜ்' என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். நானோ பெரிய புத்திசாலி மாதிரி 'ராஜண்ணன் புரை 1', 'ராஜண்ணன் புரை 2' என்று போட்டேன். நல்ல பசி வேறு. போகிற வழியில் பைக்கை நிறுத்தி இருவருக்கும் ஷேர் செய்துவிட்டு, படம் வருகிறதா என்று போனில் கேட்டேன்.

ஞானராஜ் அண்ணன், "இரு, பாக்கேன்" என்றார். பிறகு, "வருது மக்கா. நல்லாத் தெளிவா வருது" என்றார்.

செல்வராஜ் அண்ணன், "நல்ல கிளியர் தம்பி. ஒண்ணும் மாத்தாண்டாம்" என்றார்.

நான் நிம்மதியாகச் சாப்பிடப் போனேன்.

2. குறையே சொல்லாதவர்கள்

கேமரா மாட்டினால் பத்து நாளில் ஒரு புகாராவது வரும். லென்ஸில் எட்டுக்கால் பூச்சி குடியிருக்கிறது என்பார்கள், வைஃபை கிடைக்கவில்லை என்பார்கள், பாஸ்வேர்டை மறந்துவிட்டு எனக்கு ஏச்சு விடுவார்கள். இந்த இரண்டு வீட்டிலிருந்தும் இரண்டு மாதமாக ஒரு சத்தமும் இல்லை. என் வேலை சுத்தம் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

3. தம்பி நம்பர், அண்ணன் குரல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செல்வராஜ் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் ஞானராஜ் அண்ணன்.

"லேய், நீ இப்பமே இஞ்ச வரணும்."

பின்னாலிருந்து தம்பியின் குரல்: "வராம இருக்கப்பிடாதுன்னு சொல்லும்!"

ஏழு வருடம் பேசாதவர்கள் ஒரே போனில் சேர்ந்து என்னைத் திட்டினால் எப்படி இருக்கும்? உடனே பைக்கை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால், அண்ணனின் புகைப்புரைக் கதவு கரிந்து கிடந்தது. முற்றமெல்லாம் தண்ணீர். நடந்ததை இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள்.

அன்று மத்தியானம் தம்பி சம்பந்தி வீட்டாரோடு கன்னியாகுமரியில் படகுக்கு வரிசையில் நின்றிருக்கிறார். பொழுது போகாமல் போனைத் திறந்து பார்த்தால், அண்ணன் புரையின் கதவிடுக்கில் புகை. புகைப்புரையில் புகை வருவது அதிசயமில்லை. ஆனால் விறகுப் புகை வெள்ளையாக இருக்கும். இது கன்னங்கறுப்பு. ஷீட் தீயில் விழுந்து எரிந்தால்தான் அப்படி வரும். ரப்பருக்குள்ளேயே வளர்ந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்திலேயே விறகு அடுக்கு, அதை ஒட்டி அண்ணன் வீட்டுச் சமையலறை. ஏழு வருடமாகக் கூப்பிடாத நம்பரைக் கூப்பிட்டு, "அண்ணே, புர கத்துது! ஓடும்!" என்று அலறியிருக்கிறார். வரிசையில் நின்ற மதுரைக்காரர் ஒருவர், "யாரு சார் கத்துறது?" என்று சுற்றிப் பார்த்தாராம். எங்கள் பேச்சில் கத்துவது என்றால் எரிவது.

அண்ணன் சோற்றுக் கையோடு ஓடித் தண்ணீர் ஓஸைப் பிடித்திருக்கிறார். இரண்டு வரிசை ஷீட் போயிற்று, வீடு தப்பியது. தீ அணைந்த பிறகுதான் அவருக்குப் பொறி தட்டியிருக்கிறது. கன்னியாகுமரியில் நிற்கிறவனுக்கு இங்கே எரிவது எப்படித் தெரிந்தது? தம்பி திரும்பி வந்து நேராக அண்ணன் வீட்டுக்குள் நுழைய, இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"எனக்க புரைய இவனுக்கும் இவனுக்கத எனக்கும் காட்டியிருக்கியே, நீயெல்லாம் ஒரு மெக்கானிக்காலே?"

"எங்க அண்ணனுக்க வீடு கத்திப் போயிருந்தா ஆரு பதில் சொல்லுவா?"

'எங்க அண்ணன்' என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குப் பயம் போய்விட்டது.

"தப்பு எனக்கதுதான். ஆனா படம் மாறிக் கெடக்குன்னு ரெண்டு பேருக்கும் மொத நாளே தெரியுமே? ஏன் அண்ணே சொல்லல?"

ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் தரையைப் பார்த்தார். அடுக்களைக்குள்ளிருந்து ஞானராஜ் அண்ணனின் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது.

"காலத்த பல்லு தேய்க்கதுக்கு முன்னே இவரு அதத்தான் பாப்பாரு. களவாணியப் பிடிக்கப் போறாருன்னு நானும் இருந்தேன். 'செல்வன் மெலிஞ்சு போனாம்ட்டி'ன்னு எங்கிட்ட வந்து சொல்லுவாரு."

செல்வராஜ் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காணாமல் போன நாலு ஷீட்டைப் பற்றி நான் கேட்டதற்கு, "நான் எண்ணினது பெசகியிருக்கும்" என்று ஞானராஜ் அண்ணன் முனகினார். எனக்கு வந்த சந்தோஷத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்கும் ஏச்சு வாங்கினேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கேமராவுக்கு முழுப் பெயர் போடுங்கள், வீட்டுப் பெயரையும் சேருங்கள். கஸ்டமரைப் பக்கத்தில் நிறுத்திப் படத்தைக் காட்டி, இது உங்கள் இடம்தானா என்று கேட்காமல் பைக்கை எடுக்காதீர்கள். செய்த தப்பை உடனே திருத்துங்கள். நானும் அன்றைக்கே திருத்தத்தான் பார்த்தேன். ரெண்டு நிமிஷத்தில் மாற்றித் தருகிறேன் என்று ஞானராஜ் அண்ணனின் போனைக் கேட்டேன். அவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மாத்தாண்டாம் மக்கா. எனக்க புரைய நான் நடந்து போய்ப் பாத்துக்கிடுவேன். இவனுக்கதப் பாக்கத்தான் எனக்குக் கேமரா வேணும்."